கொம்பு ஏன் தனியாக நிற்கிறது

அன்புள்ள முருகேசா,

உன் கடிதமும் கூடவே வந்த ஸ்கிரீன்ஷாட்டும் கிடைத்தன. பெரியவளுக்கு நினைத்த காலேஜிலேயே இடம் கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி இப்போதே அவளிடம் ஒன்றும் சொல்லி வைக்காதே. நாம் சாப்பிடாததா! அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை. அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

சரி, உன் பஞ்சாயத்துக்கு வருகிறேன். உங்கள் இதழின் இணையப் பக்கத்தில் ‘கொலு மலர்’ என்ற தலைப்பை எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு அகலமாக்கினாய். ஒரு பிரவுசரில் ஒற்றைக் கொம்பு ஒரு பக்கம், க ஒரு பக்கம், துணைக்கால் ஒரு பக்கமாகச் சிதறிவிட்டது. இன்னொரு பிரவுசரில் அதே பக்கம் ஒழுங்காக வருகிறது. “இத்தனை வருஷம் கழித்தும் உங்கள் ஆட்களால் ஒரு கொ போட முடியவில்லையாடா” என்று கேட்டிருக்கிறாய். கேட்க வேண்டிய கேள்விதான். இந்த வருஷம் முழுக்க நான் பிரவுசர் எஞ்சினுக்குள், அதாவது பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் பகுதிக்குள், இந்த மாதிரிப் பிழைகளோடுதான் குடித்தனம் நடத்துகிறேன். எந்த பிரவுசர் என்று சொல்லி வம்பை விலைக்கு வாங்கப்போவதில்லை. எல்லா எஞ்சினிலும் இது ஏதாவது ஒரு உருவத்தில் தலைகாட்டக்கூடிய பிழை.

உன்னுடையது பாமினி என்ற பழைய தமிழ் ஃபாண்ட்டில் தட்டிப் பழகிய கை. முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். தட்டிய வரிசையிலேயே திரையிலும் நிற்கும். எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோட்டில் அப்படி இல்லை. கோப்பில் இருப்பது க, அதற்குப் பின்னால் ொ என்ற ஒரே குறி, அவ்வளவுதான். அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை க-வுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்து, காலைப் பின்னால் நிறுத்துவதற்கு ஷேப்பிங் என்று பெயர். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு, லிப்ரே ஆபீஸ் எல்லாவற்றிலும் அந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற ஒரே மென்பொருள் நூலகம். பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் என்ற ஈரானியர் அதன் பெரும்பகுதியை எழுதியவர். பாரசீக எழுத்தோடு வளர்ந்த மனிதர், நம் பாடு அவருக்குச் சொல்லாமலே புரிந்திருக்கும் என்று நானாக நினைத்துக்கொள்வேன்.

‘கொ’வைக் கொடுத்தால் ஹார்ஃப்பஸ் மூன்று உருவங்களைத் திருப்பித் தரும். கூடவே, இந்த மூன்றும் ஒரே எழுத்தைச் சேர்ந்தவை என்று ஒவ்வொன்றின் மேலும் ஒரே எண்ணைக் குறித்து அனுப்பும். எழுத்து இடைவெளியை அந்த எண் மாறும் இடத்தில்தான் சேர்க்க வேண்டும். பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் மொழியின் விதியும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் உருவத்துக்கு உருவம் இடம் சேர்த்துக்கொண்டே போகிற லூப், அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் நிரல், எழுதுவது ரொம்ப சுலபம். இங்கிலீஷில் ஓர் எழுத்துக்குப் பெரும்பாலும் ஓர் உருவம்தான் என்பதால், அந்த லூப் எல்லாச் சோதனையிலும் சமர்த்தாகப் பாஸாகிவிடும். உன் கொலு மலரில் வந்துதான் குட்டு வெளிப்படும்.

திருத்தம் நாலு வரி. அதற்குச் சோதனை எழுதுவதுதான் பெரும்பாடு. எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு: இரண்டு பக்கங்கள் எழுதுவோம். ஒன்றில் சோதிக்க வேண்டிய விஷயம் இருக்கும். மற்றதில் அதே தோற்றத்தை வேறு வழியில் கொண்டுவந்திருப்போம். இரண்டையும் படம் பிடித்தால் புள்ளிக்குப் புள்ளி ஒத்துப்போக வேண்டும். ‘கொலு மலர்’ என்று இடைவெளியோடு ஒரு பக்கம். கொ, லு, ம, ல, ர் என்று ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனிப் பெட்டியில் வைத்து ஓரம் விட்டு இன்னொரு பக்கம். பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் எழுத்தின் அகலம் முழு எண்ணாக இல்லாமல் பின்னத்தில் வந்தால், பெட்டி அதை ஒரு மாதிரி முழுமையாக்கும், ஓடுகிற வரி வேறு மாதிரி முழுமையாக்கும். ‘ர்’ மேலுள்ள புள்ளி ஒரு இம்மி நகர்ந்திருக்கும், சோதனை சிவப்பாகிவிடும். அகலமெல்லாம் முழு எண்ணாக வரும்படி அளவை மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பதிலேயே ஒரு பகல் ஓடிவிடும்.

க்ஷ இதையும் தாண்டிய கதை. இடைவெளி விட்டால் இங்கிலீஷில் எஃப்பும் ஐயும் சேர்ந்து நிற்கும் அலங்காரக் கூட்டெழுத்தைப் பிரித்துவிட வேண்டும் என்பது விதி. அதற்காகக் கூட்டெழுத்து மொத்தத்தையும் அணைத்துவிட்டால் க்ஷவும் க், ஷ என்று உடைந்துவிடும். நமக்கு அது அலங்காரம் இல்லை, எழுத்தே அதுதான். ஆகவே எதை அணைக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று ஃபாண்ட்டின் அம்சங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். யூனிகோடோ கர்சர் நகர்வதற்கு க்-ஐயும் ஷ-வையும் இரண்டு அலகாகத்தான் கணக்கு வைத்திருக்கிறது. க்ஷவின் வயிற்றில் கர்சர் நிற்பதை நீயும் பார்த்திருப்பாய்.

இதெல்லாம் சரியாக வருவதைப் பற்றி. வேகத்துக்கு வந்தால் கதை இன்னும் சுவாரஸ்யம். சஃபாரியும் அப்போது குரோமும் பயன்படுத்திய வெப்கிட் எஞ்சினில் எழுத்தை வரைய இரண்டு பாதைகள் வைத்திருந்தார்கள், ஒன்று எளியது, மற்றது சிக்கலானது. எஞ்சின் முதலில் வரியை மேய்ந்து பார்க்கும். இங்கிலீஷ் மாதிரி எழுத்துகள் மட்டும் இருந்தால் ஷேப்பிங்கெல்லாம் இல்லாமல் நேராக வேகப் பாதை. தமிழோ இந்தியோ அரபியோ தென்பட்டால் மெதுவான பாதை. உலகத்தில் பாதிப் பேருக்கு ‘சிக்கல்’ என்று முத்திரை குத்தியாயிற்று! 2013-ல் கூகுள் அதிலிருந்து பிரிந்து ப்ளிங்க் என்று தனிக்குடித்தனம் போனது. பிற்பாடு ப்ளிங்க்கில் அந்த எளிய பாதையையே தூக்கிவிட்டார்கள். எல்லா எழுத்தும் ஒரே பாதையில் போகும். ஒரு சொல்லை ஒருமுறை ஷேப் செய்துவிட்டால் விடையைக் கேஷ் என்ற தற்காலிகக் கிடங்கில் வைத்துக்கொண்டு, அதே சொல் மறுபடி வந்தால் அப்படியே எடுத்துப் போடும். எஞ்சின் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த மாற்றங்களில் இது ஒன்று. இரண்டு பாதை இருந்தால் பிழையும் இரண்டு இடத்தில் இருக்கும், திருத்துகிறவர் பெரும்பாலும் ஒன்றை மறந்துவிடுவார்.

ஆனால் சொல் கேஷும் இங்கிலீஷுக்குத்தான் கூடுதலாகக் கை கொடுக்கிறது என்பது என் கட்சி. அங்கே ‘தி’, ‘ஆஃப்’, ‘அண்ட்’ என்று சின்னச் சொற்கள் வரிக்கு வரி திரும்பி வரும். நாமோ எல்லாவற்றையும் வினைக்கும் பெயருக்கும் பின்னால் ஒட்டிக்கொண்டே போகிறோம். வந்தான், வந்தவன், வந்தவனுக்கு, வந்தவனுக்காக எல்லாம் கேஷுக்கு வெவ்வேறு சொல். ஃபயர்ஃபாக்ஸின் கெக்கோ எஞ்சினில் 32 குறிக்கு மேல் நீளும் சொல்லைக் கேஷ் செய்யாமல் விடுவதுதான் இயல்பான அமைப்பு. இங்கிலீஷில் அவ்வளவு நீளமான சொல்லைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ‘அறிமுகப்படுத்தப்பட்டிருந்தவர்களுக்கு’ என்பதை எண்ணிப் பார். நம் கணக்கில் 22 எழுத்து. எஞ்சின் கணக்கில் புள்ளியும் கொக்கியும் தனித்தனிக் குறி என்பதால் 36. இப்படி எழுதுகிற ஆசிரியரை முதலில் திருத்த வேண்டும் என்று நீ சொல்வாய், அதையும் மறுக்கவில்லை.

உன் இரண்டாவது புகார், பக்கம் ஃபோனில் திக்கித் திக்கி நகர்கிறது என்பது. அதில் தமிழ் மேல் பழி போடாதே. திரை விநாடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுகிறது என்றால் ஒவ்வொரு தடவைக்கும் எஞ்சினுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிவிநாடி. அதற்குள் ஸ்கிரிப்ட் ஓடி, ஸ்டைல் கணக்கிட்டு, எது எங்கே என்று லேஅவுட் போட்டு, வண்ணமும் தீட்டியாக வேண்டும். உன் பக்கத்தின் ஸ்கிரிப்டைப் பார்த்தேன். ஒவ்வொரு கட்டுரைப் பெட்டியின் உயரத்தையும் கேட்கிறது, உடனே அந்தப் பெட்டிக்குப் புது உயரம் வைக்கிறது, அடுத்த பெட்டியின் உயரத்தைக் கேட்கிறது. மாற்றங்களை மொத்தமாகச் சேர்த்துவைத்து ஒரே தடவை லேஅவுட் போடலாம் என்றிருக்கும் எஞ்சினைக் கையைப் பிடித்து இழுத்து, இப்போதே சொல் என்று கேட்பது மாதிரி. அச்சு எழுத்தில் ஒரு வரி கோத்ததும் முழு ஃபாரத்துக்கும் புரூஃப் அடிக்கச் சொன்னால் உங்கள் அப்பா என்ன செய்திருப்பார்? முதலில் எல்லா உயரத்தையும் கேட்டு வாங்கிக்கொள், அப்புறம் எல்லாவற்றையும் மாற்று. இரண்டு லூப்பாகப் பிரித்தாலே ஃபோன் மூச்சு விடும்.

எஞ்சின் வேகமாவதில் பாதி இப்படித்தான், செய்யாமல் விடக்கூடிய வேலை எது என்று கண்டுபிடிப்பது. விடலாம் என்று உறுதியாகத் தெரிந்துகொள்வதில்தான் உயிர் போகிறது. சிஎஸ்எஸ்ஸில் ‘ஹேஸ்’ என்று ஒன்று உண்டு, உள்ளே இன்னது இருந்தால் வெளிப்பெட்டியை இப்படிக் காட்டு என்று சொல்லலாம். வருஷக்கணக்காக எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தது. உள்ளே ஏதோ ஒரு மூலையில் ஒரு துரும்பு மாறினாலும் மேலே யார் யார் தலையெழுத்து மாறுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் எல்லாரையும் மறுபடி கணக்கிட்டால் பக்கம் படுத்துவிடும். அந்தப் பயத்திலேயே தள்ளிப்போட்டு, சஃபாரியில் 2022 மார்ச்சிலும், குரோமில் அதே வருஷம் ஆகஸ்டிலும், ஃபயர்ஃபாக்ஸில் 2023 டிசம்பரிலும்தான் வந்தது.

பிழை பழசானால் தானாகச் செத்துவிடும் என்றும் நினைக்காதே. ஃபயர்ஃபாக்ஸில், வேறு ஜன்னலுக்குப் போன பிறகும் டூல்டிப் (சுட்டியை வைத்தால் தோன்றும் சின்னக் குறிப்புப் பெட்டி) மட்டும் மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும் பிழை ஒன்று 2002-ல் பதிவானது. 2023-ல்தான் ஒருவர் உட்கார்ந்து சரிசெய்தார். நம் கல்யாணம், காதுகுத்து எல்லாம் முடிந்து பிள்ளைகள் காலேஜ் போகிற அளவுக்கு அது உயிரோடு இருந்திருக்கிறது.

இப்போது உன்னால் ஆக வேண்டியது. கொலு மலர் பக்கத்தை அப்படியே விட்டு வை, திருத்தாதே. இணைப்பையும், எந்த ஃபாண்ட், எந்த ஃபோன், பிரவுசரின் எத்தனையாவது பதிப்பு என்பதையும் எழுதி அனுப்பு. உங்கள் பிரஸ்ஸுக்கென்று செய்துகொண்ட அந்தத் தடித்த ஃபாண்ட்டில் க்ஷவைக் கட்டாயச் சேர்க்கையாக வைத்திருக்கிறார்களா, விருப்பச் சேர்க்கையாகவா என்று பார்க்க வேண்டும், அந்தக் கோப்பும் வேண்டும். இதழ் வெளியாகிற அவசரம் இருந்தால் தலைப்புக்கு மட்டும் இடைவெளியை எடுத்துவிட்டு எழுத்தைப் பெரிதாக்கிக்கொள், சண்டையை நான் போட்டுக்கொள்கிறேன். உயரம் கேட்கும் ஸ்கிரிப்டை மட்டும் இன்றைக்கே மாற்றிவிடு, அதற்கு என் தயவு தேவையில்லை.

தீபாவளிக்கு ஊருக்கு வரப் பார்க்கிறோம். டிக்கெட் இன்னும் வெயிட்டிங் லிஸ்ட்டில்தான் இருக்கிறது.

அன்புடன்,
சேகர்