ஓதம் பார்த்து நாள் குறியுங்கள்: கடற்கரைப் பறவைநோக்கல் பயண ஒருங்கிணைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

இந்த வசந்தத்திலும் அதேதான் நடந்தது. உவா நாள் (அமாவாசையும் பௌர்ணமியும் உவா நாள்கள்), ஓதம் எனும் கடல்நீர் ஏற்றம் உச்சத்தில் இருந்த நேரம். நீரில் மூழ்காமல் மிஞ்சியிருந்த ஒரே மணல்திட்டை நோக்கி ஒரு குழு முழுவதும் நடந்தது. ஒடுங்கி நின்ற மூக்கன், உள்ளான் ஆகிய கரைப்பறவைகள் மொத்தமாகக் கிளம்பி, இறங்க வேறு இடமில்லாமல் சுற்றிச் சுற்றிப் பறந்தன. எல்லோரும் படமெடுத்தார்கள். நெடுந்தூர வலசைக்கென்று அவை உடம்பில் சேர்த்த கொழுப்பு வீணாவதைத்தான் படமெடுத்தார்கள்.

கரைப்பறவைகள் நீர் வற்றும்போது சேற்றில் இரை தேடுவதும், நீர் ஏறும்போது மேட்டில் கூடி ஓய்வதும் நீங்கள் அறிந்ததே. 2007 மார்ச்சில் செயற்கைக்கோள் கருவி பொருத்திய ஒரு பட்டைவால் மூக்கன் நியூசிலாந்திலிருந்து மஞ்சள் கடல் வரை 10,000 கிலோமீட்டருக்கு மேல் எங்கும் இறங்காமல் பறந்தது. வழியில் இரை கிடையாது. உடம்பிலுள்ள கொழுப்புதான் எரிபொருள். அப்படிப்பட்ட பறவையை ஓத நேரத்தில் கிளப்பிவிட்டால், இழந்ததை ஈடுகட்டச் சேறு மறுபடி வெளியே தெரியும்வரை அது காத்திருக்க வேண்டும். அதற்குள் இன்னொரு குழு வந்துவிடுகிறது.

ஆகவே, விடுமுறையைப் பார்ப்பதற்கு முன் ஓத அட்டவணையைப் பாருங்கள். இரவு தங்கும் பயணத்துக்கு அதுவே வசதி. பெரும்பாலான கரைகளில் ஓர் உயர் ஓதத்துக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய 12 மணி 25 நிமிட இடைவெளி. மாலை 6 மணிக்கு உச்சம் என்றால் மறுநாள் காலை ஆறரையை ஒட்டி அடுத்தது. இரண்டுமே கானல் எழாத நேரம். உச்சத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய், திட்டிலிருந்து 200 மீட்டராவது தள்ளி உட்காருங்கள். ஏறும் நீரே பறவைகளைப் பக்கத்தில் கொண்டுவரும். மிச்சத்தை ஸ்கோப் (முக்காலியில் வைக்கும் தொலைநோக்கி) பார்த்துக்கொள்ளும். சூரியன் முதுகுப்பக்கம் இருக்க வேண்டுமென்பதால் மாலைக்கும் காலைக்கும் ஒரே இடம் சரிவராது. காலையில் இருட்டிலேயே போக வேண்டியிருக்கும் என்பதால் அந்த இடத்தை முந்தின நாளே குறித்துவையுங்கள்.

முதுகிறகில் செருகிய அலகை எடுத்துப் பறவைகள் தலை நிமிர்ந்தாலே நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். அப்போதே பின்வாங்க வேண்டும். கிளம்பிய பிறகு பின்வாங்கிப் பயனில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். உப்புக்கொத்திகளும் ஆலாக்களும் வெறும் மணற்குழியில் முட்டையிடும் பருவத்தில், ஓதக்கோட்டுக்கு மேலே டார்ச் அடித்து நடப்பதும், குரல் பதிவை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும், டிரோன் விடுவதும் எந்தப் பறவைப் பட்டியலை நீட்டுவதற்காக? தாய்ப்பறவை விலகிய முட்டை வெயிலில் வெந்துபோகும். இதைத் தடுக்கும் பொறுப்பு அழைத்துப்போகும் உங்களுடையது.

கோபத்தில் எழுதியது கடுமையாகப் பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: ஓதம் பார்த்து நாள் குறியுங்கள். அடுத்த பயண அறிவிப்பில் தேதிக்குப் பக்கத்திலேயே உயர் ஓத நேரத்தையும், திட்டை நெருங்கக் கூடாத தொலைவையும் தயவுசெய்து அச்சிடுங்கள்.