காலைக் காக்கும் 'மரபணு ஊசி': ஜப்பான் செய்தியின் பின்பாதி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரத்த ஓட்டம் குன்றிய காலை வெட்டாமல் காப்பாற்ற மரபணு ஊசி வந்துவிட்டது, ஜப்பானில் அரசே அனுமதித்துவிட்டது என்ற தகவல் மருத்துவத் துணுக்குகளிலும் வாட்ஸ்அப்பிலும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2019 மார்ச்சில் அனுமதி கிடைத்தது உண்மை. 2024 ஜூனில் முழு அனுமதிக்கான விண்ணப்பத்தை நிறுவனமே திரும்பப் பெற்றதை மட்டும் யாரும் சொல்வதில்லை. கால் விரல் கறுத்த ஒருவரின் குடும்பம் இந்த ஊசியைத் தேடி அலையும் இரண்டு வாரத்தில் காலே போய்விடலாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஊசிக்குள் இருப்பது பிளாஸ்மிட் எனப்படும் வட்ட வடிவ டிஎன்ஏ. புதிய ரத்தக்குழாய் முளைக்கத் தூண்டும் ஒரு புரதத்தின் மரபணுவை அதில் பொருத்தியிருப்பார்கள். ஜப்பானிய மருந்தில் அந்தப் புரதம் ஹெச்ஜிஎஃப். ஒசாகா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆராய்ச்சி, ஆஞ்ஜெஸ் நிறுவனத்தின் வழியாக 'கொலாடெஜீன்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஒரு குப்பியின் விலை சுமார் 6 லட்சம் யென்னாக இருந்தது. ஒரு தடவைக்கு 4 மில்லிகிராம். அதைக் காலின் தசையில் எட்டு இடங்களில், இடத்துக்கு அரை மில்லிகிராம் வீதம் போட்டார்கள். நான்கு வாரம் கழித்து இரண்டாம் சுற்று. குறை தீராவிட்டால் மூன்றாவது.

டிஎன்ஏ தசைச் செல்லுக்குள் போனாலும் நம் குரோமோசோமில் ஒட்டுவதில்லை. தனியே நின்று சில வாரங்கள் புரதத்தைச் சுரக்க வைத்துவிட்டு அழிந்துவிடும். பாதுகாப்பு என்ற கோணத்தில் இது நல்ல செய்தி. பலன் என்று பார்த்தால் இதுதான் முதல் பலவீனம். இன்னொன்று, வைரஸின் துணையில்லாமல் வெறும் டிஎன்ஏவாகச் செலுத்தும்போது மிகச் சிறிய பங்குதான் செல்லுக்குள் நுழையும். ஊசி முனை தவறி ரத்தக்குழாய்க்குள் போய்விட்டாலோ, ரத்தத்தில் உள்ள நொதிகள் நிமிடக்கணக்கில் அதைச் சிதைத்துவிடும். அதனால்தான் அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே போடச் சொன்னார்கள். ரத்தம் கிடைக்காமல் சுருங்கிப்போன தசை இந்த டிஎன்ஏவை எவ்வளவு ஏற்கும் என்பதும் சந்தேகத்துக்குரியதே. புண் இருப்பது விரல் நுனியில். ஊசி போடத் தோதான தசை இருப்பதோ பெரும்பாலும் கெண்டைக்காலில்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இந்தப் புரதங்கள் முக்கியமாக முளைக்க வைப்பது நுண்குழாய்களை. முழங்காலுக்குக் கீழே ஓடும் தமனியின் (இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாய்) உள்விட்டத்தை 2.4 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நுண்குழாயின் விட்டம் 8 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதாவது தமனியின் விட்டத்தில் முன்னூறில் ஒரு பங்கு. குழாயில் ஓடும் திரவத்தின் அளவு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. அப்படியானால், அதே நீளத்தில், ஒரு தமனியின் வேலையைச் செய்ய 810 கோடி நுண்குழாய்கள் வேண்டும். உடலில் நுண்குழாய்கள் மிகக் குட்டையானவை என்பதால் இது கொஞ்சம் முரட்டுக் கணக்குதான். ஆனாலும் நிலைமை புரியும்: மதகு அடைத்துக் கிடக்கும்போது வயலுக்குள் எத்தனை வாய்க்கால் வெட்டினாலும் தண்ணீர் வராது. உண்மையில் உதவுவது, ஏற்கெனவே இருக்கும் பக்கக் கிளைகள் பருத்துப் பெரிதாவது. அதைத் தூண்டுவது பெரும்பாலும் ரத்தம் பாயும் விசையே. அந்த விசையைக் கூட்ட நடைப்பயிற்சியும் உதவும் என்பது இந்தத் துறையின் சின்ன வேடிக்கை. அதுவும் நடந்தால் வலிக்கும் கட்டத்தில் உள்ளவர்களுக்கு மட்டும்தான். புண்ணோடு இருப்பவர்களுக்கு அல்ல.

இந்த முயற்சியின் வரலாற்றைப் பார்த்தாலும் இதே கதைதான். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜெஃப்ரி ஐஸ்னர் குழு 1994-ல் மனிதர்களிடம் இதைத் தொடங்கியது. 1996-ல் அவர்கள் வெளியிட்ட 71 வயதுப் பெண்ணின் அறிக்கையில், குழாய் முளைக்கத் தூண்டும் விஇஜிஎஃப் என்ற புரதத்தின் மரபணுவைச் செலுத்திய பின் ஆஞ்சியோகிராமில் புதிய கிளைகள் தெரிந்தன. காலில் வீக்கமும் தோலில் சிலந்தி போன்ற ரத்தக்குழாய்ப் பொட்டுகளும் வந்தன. மரபணு வேலை செய்தது. ஆனாலும் அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

அடுத்து வந்தது அதே வகையைச் சேர்ந்த எஃப்ஜிஎஃப் என்ற புரதத்தின் மரபணு. 125 பேரிடம் நடந்த இரண்டாம் கட்ட ஆய்வில் கால் அகற்றுவது குறைந்ததாகத் தெரிந்ததும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பிறகு 30 நாடுகளில் 525 பேரிடம் பெரிய ஆய்வு. 2011-ல் முடிவு வந்தது: மருந்தில்லாத வெற்று ஊசி போட்டுக்கொண்டவர்களில் 33 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் இறந்தோ காலை இழந்தோ இருந்தார்கள், மருந்து ஊசி போட்டவர்களில் அது 36 சதவீதம்.

வெற்று ஊசிக்காரர்களில் மூன்றில் இரண்டு பேர் காலோடும் உயிரோடும் இருந்ததைக் கவனியுங்கள். இவர்கள் எல்லோரும் 'இனி வழியில்லை' என்று கைவிடப்பட்டவர்கள். ஆய்வில் சேர்ந்ததும் புண்ணைக் கிரமமாகச் சுத்தம் செய்கிறார்கள், பாதத்தில் பாரம் விழாமல் பார்த்துக்கொள்கிறார்கள், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேடினும் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் தவறாமல் போகிறது. புண்ணும் ஆறுகிறது. ஒப்பிட ஒரு குழு இல்லாமல் 'எங்களிடம் இத்தனை பேருக்குக் குணமானது' என்று சொல்பவர்களை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஜப்பானில் அனுமதிக்கு அடிப்படையாக இருந்த மூன்றாம் கட்ட ஆய்வு 40 பேரிடம் நடந்தது. மருந்து பெற்ற 27 பேரில் 19 பேருக்கு முன்னேற்றம். வெற்று ஊசி பெற்ற 13 பேரில் 4 பேருக்கு. 70 சதவீதத்துக்கு 31 சதவீதம் என்று எழுதினால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பதின்மூன்று பேரில் இன்னும் இருவருக்கு முன்னேற்றம் இருந்திருந்தால் 31 என்பது 46 ஆகியிருக்கும். இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் சதவீதம் எழுதுவதே வில்லங்கம். அதனால்தான் கிடைத்தது நிபந்தனையோடு கூடிய, காலவரையுள்ள அனுமதி. சந்தைக்கு வந்த பின் திரட்டிய தகவலில் அந்தப் பலன் மறுபடி தெரியவில்லை. 2024 ஜூனில் முழு அனுமதிக்கான விண்ணப்பத்தை நிறுவனமே திரும்பப் பெற்றுக்கொண்டது. ரஷ்யாவில் 2011-லேயே 'நியோவாஸ்குல்ஜென்' என்ற விஇஜிஎஃப் ஊசி பதிவானது. அது முதன்மையாக நடந்தால் வலிக்கும் கட்டத்தில் உள்ளவர்களுக்கானது. கறுத்த விரலுக்கு அதை மேற்கோள் காட்டுவது பொருந்தாது.

இங்கே இன்னொரு குழப்பமும் உண்டு. பெங்களூரின் ஸ்டெம்பியூட்டிக்ஸ் தயாரிக்கும் 'ஸ்டெம்பியூசெல்' மருந்துக்கு இந்திய அனுமதி இருக்கிறது. அது கொடையாளர்களின் எலும்பு மஜ்ஜையிலிருந்து வளர்த்த ஸ்டெம் செல். மரபணு ஊசி அல்ல. இரண்டையும் ஒன்றாக்கி 'இந்தியாவிலும் வந்துவிட்டது' என்று எழுதுவது தவறு. மரபணு சிகிச்சையைப் பொறுத்தவரை, இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமான ஐசிஎம்ஆரின் 2019 வழிகாட்டு நெறிகளின்படி அனுமதி பெறாத மருந்தை ஆய்வுக்கு வெளியே நோயாளிக்குக் கொடுக்க முடியாது. ஆய்வு என்றால் மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடான சிடிஆர்ஐயின் பதிவு எண் இருக்கும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கும், நோயாளி கையெழுத்திட்ட படிவத்தின் நகல் அவர் கையிலும் இருக்கும். ஊசிக்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடலாம். சேர்க்கும் முன் புற்றுநோய்ச் சோதனையும் விழித்திரைச் சோதனையும் செய்தார்களா என்றும் பாருங்கள். குழாய் முளைக்கத் தூண்டும் மருந்து, மறைந்திருக்கும் கட்டிக்கும் சர்க்கரையால் கெட்ட கண்ணுக்கும் ஆகாது என்ற அச்சத்தில் வைக்கப்பட்ட விதி அது. பெரிய ஆய்வில் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. அங்கே இந்தச் சோதனைகளைச் செய்து வடிகட்டித்தான் ஆள் சேர்த்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

அப்படியானால் கறுத்த விரலோடு இருப்பவர் என்ன செய்வது? முதலில் அளவெடுக்க வேண்டும். பத்து நிமிடம் படுக்க வைத்து, கணுக்கால் ரத்த அழுத்தத்தை டாப்ளர் கருவியால் எடுத்துக் கை அழுத்தத்தால் வகுப்பார்கள். கணுக்காலில் 60, கையில் 150 என்றால் 0.4, இது கடுமையான அடைப்பு. சர்க்கரை நோயாளிகளுக்கு இந்தக் கணக்கு ஏமாற்றும். தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து பட்டை அழுத்தினாலும் குழாய் நசுங்காது. எண் 1.4-க்கு மேல் போகும். 'நார்மலுக்கு மேலேயே இருக்கிறது' என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவர்களுக்குக் கால் கட்டைவிரலின் ரத்த அழுத்தத்தைத் தனியே பார்க்க வேண்டும். அது 30-க்குக் கீழே என்றால் புண் தானாக ஆறும் என்று காத்திருக்க நேரமில்லை. அடைப்பைத் திறந்து ரத்தத்தை வரவழைக்காமல் விரலை மட்டும் வெட்டினால் வெட்டிய இடமும் அழுகும். விரலில் தொடங்கி முழங்கால் வரை போகும் கதைகள் பல இப்படி ஆரம்பித்தவையே. சீழோ காய்ச்சலோ இருந்தால் மட்டும் சீழை முதலில் வடித்துவிட வேண்டும்.

'பலூனும் முடியாது, பைபாஸும் முடியாது' என்று சொன்னால், பாதம் வரை தெரியும்படி ஆஞ்சியோகிராம் எடுத்தார்களா என்று கேளுங்கள். கணுக்காலோடு படம் நின்றிருந்தால் அது அரைப் படம். முழுப் படத்தையும் முழங்காலுக்குக் கீழே வேலை செய்து பழகிய இன்னொரு ரத்தநாள நிபுணரிடம் காட்டுங்கள். 'வழியில்லை' என்பது பல நேரம் பார்ப்பவரின் கையைப் பொறுத்தது. தமனி எதுவும் மிஞ்சாதவர்களுக்கு, சிரையையே (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) தமனியாக்கிப் பாதத்துக்கு ரத்தம் அனுப்பும் முறை இருக்கிறது. 2023-ல் வெளிவந்த ஆய்வில் 105 பேரில் 66 சதவீதத்தினர் ஆறு மாதத்துக்குப் பின் காலோடு உயிருடன் இருந்தார்கள். அதிலும் ஒப்பீட்டுக் குழு இல்லை என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

பீடி, சிகரெட்டால் இளம் வயதில் கை, கால் ரத்தக்குழாய்கள் அடைபடும் பர்ஜர் நோய் பற்றி மட்டும் ஓரிரு வரிகள். புகையிலையை முழுதாக விட்டவர்களில் பெரும்பாலோருக்குக் கால் தங்குகிறது. நாளைக்கு ஒன்றிரண்டு என்று குறைத்தாலும் மென்றாலும் நோய் அணையாது. தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டையும் வேண்டாம்.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் இந்த ஊசியைப் பற்றி அடுத்து எழுதும்போது, 2019 அனுமதிக்குப் பக்கத்திலேயே 2024 விலக்கலையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ரத்தநாள அறுவை மருத்துவர் ஒருவர்,
மதுரை