முதல் கேள்வி 'யார்' அல்ல

ஆசிரியருக்கு,

1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். ஆனால் நிருபர்கள் முன் பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். மறு ஆண்டு ஜூலை 18-ல் ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் சேர்ந்ததும், நிருபர்களிடம் பேசக் கலாமை அனுப்பினார். கலாமே பல மேடைகளில் சொன்னதுதான்.

திருப்பூரில் ஒரு பின்னலாடைக் கம்பெனியில் 22 ஆண்டு செக்கிங் பகுதியில் இருந்தவன் நான். ஒரு மேனேஜர், ஆர்டர் நேரத்துக்குப் போனால் 'நான் முடித்தேன்' என்பார். சரக்கு திரும்பினால் செக்கிங் பெண்களை வரிசையாக நிற்கவைப்பார். ஒருமுறை அளவு மாறியதை முதலிலேயே கண்ட அக்கா வாயே திறக்கவில்லை. சொன்னால் அவர் தலையில்தானே விடியும்! முந்தைய மேனேஜரும் கோபக்காரர்தான், டீயைக்கூடக் குறை சொல்வார். ஆனாலும் தப்பு தெரிந்தால் அவரிடம் ஓடுவோம். 'யார் செஞ்சது' என்று கேட்கமாட்டார், 'எத்தனை பீஸ்' என்பார்.

ஒருவரை மேனேஜராக உயர்த்தும் முன், அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்களிடமும் முதலாளிகள் ஒரு வார்த்தை கேட்கலாமே?

- வாசகர், திருப்பூர்