மூன்று வாரம் இடம் கொடுங்கள்

எங்கள் குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத் தீர்மானத்தை அறிவிப்புப் பலகையில் படித்தேன். சொந்த நாய் வளர்க்கலாமாம். மீட்கப்பட்ட நாயைத் தற்காலிகமாக வீட்டில் வைத்துப் பராமரிக்கக் கூடாதாம். அதைத் திரும்பப் பெறும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் சேர்ந்திருக்கும் மீட்புக் குழுவில் 6 பேர்தான். காப்பகக் கட்டடம் கிடையாது. அப்படி ஒன்று இருந்தால்கூடக் குட்டிகளை அங்கே விட மாட்டோம். நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். தடுப்பூசி முடியாத குட்டியை நாலு நாய்கள் வந்துபோன கூண்டில் விட்டால், வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாகச் சில நாளிலேயே செத்துப்போகலாம். முதல் ஊசி 6 முதல் 8 வாரத்துக்குள். அடுத்தது 3, 4 வாரம் கழித்து. வெறிநாய்க்கடித் தடுப்பூசி 3 மாதம் ஆனபிறகு. அதுவரை யாராவது ஒருவர் வீட்டில்தான் அது பிழைத்துக் கிடக்க வேண்டும்.

எள்ளுவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மழைநீர் வடிகாலிலிருந்து எடுத்த கறுப்புக் குட்டி. கறுப்பு, அதிலும் பெட்டை. தத்தெடுக்க வருகிறவர்கள் பலர் முதலில் ஒதுக்குவது இப்படிப்பட்டதைத்தான். இரண்டு நாள் வாஷிங் மெஷினுக்குப் பின்னாலிருந்து வெளியே வரவில்லை. குக்கர் விசில் கேட்டால் நடுங்கி, நின்ற இடத்திலேயே சிறுநீர் விட்டுவிடும். மூன்றாம் நாள் தரையில் உட்கார்ந்து, தயிர்சாதத்தை உள்ளங்கையில் வைத்து நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து நாக்கின் சூடு கையில் பட்டது. மூன்றாவது வாரத்தில், விசில் அடித்தால் ஒரு காதை மட்டும் தூக்கிவிட்டு மறுபடி தூங்கிவிடும்.

இதையெல்லாம் தாம்பரத்திலிருந்து வந்த குடும்பத்திடம் சொல்லித்தான் கொடுத்தேன். விசிலுக்குப் பயப்படும், தனியே விட்டால் அரைமணி நேரம் அழும், குழந்தைகளிடம் ஒட்டிக்கொள்ளும் என்றேன். கூடவே இருந்து பார்த்தவருக்குத்தானே இது தெரியும்? எதுவும் தெரியாமல் வாங்கிப்போன நாய்தான் ஒரே மாதத்தில் திரும்பி வருகிறது, அல்லது மறுபடி தெருவுக்குப் போகிறது. உரிய வயது வந்ததும் கருத்தடை செய்துவிடுவோம் என்று அவர்களிடம் கையெழுத்தும் வாங்கியிருக்கிறோம். தெருவில் நாய்கள் பெருகிவிட்டன என்று கூட்டத்தில் வருந்தினீர்கள். பெட்டை நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள்தான். எள்ளு தெருவிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பெரும்பான்மை வாக்கு இருந்தாலும் குடியிருப்புச் சங்கம் செல்லப் பிராணிகளைத் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதைக் காட்டி உங்களோடு வழக்காட எனக்கு மனமில்லை. இரண்டாம் மாடிக் குழந்தை லிஃப்டில் எள்ளுவைக் கண்டு அலறியது என் கவனக்குறைவால்தான். அன்றே அவர்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். இனி எந்தக் குட்டியையும் படிக்கட்டில்தான் தூக்கிச் செல்வேன். ஒரு நேரத்தில் ஒரே ஒரு குட்டிதான் இருக்கும். தடுப்பூசிப் புத்தகத்தின் நகலைச் செயலாளரிடம் தருகிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை, கால் முறிந்து கட்டுப்போட்ட ஒரு செம்பழுப்புக் குட்டியைக் கால்நடை மருத்துவமனையிலிருந்து அனுப்புகிறார்கள். வேறு வீடு தேடிப் பார்த்தோம், அமையவில்லை. வியாழக்கிழமைக்குள் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடியில் குடியிருப்பவள்