சங்கக்கடை மரக்கறி விலை குறைய வேண்டுமானால்

ஆசிரியர் அவர்களுக்கு,

நஞ்சில்லாத மரக்கறி வசதியுள்ளவர்களுக்குத்தான் என்ற பேச்சு திருகோணமலையில் பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. கூட்டுறவுச் சங்கக்கடையில் சேதன மரக்கறியின், அதாவது இரசாயன உரமும் மருந்தும் போடாமல் விளைந்த மரக்கறியின், விலையை ஏற்றுவது பெரும்பாலும் தோட்டக்காரர் கேட்கும் பணமல்ல, விற்காமல் வாடிப்போகும் மரக்கறி.

உதாரணத்துக்கு, சங்கம் கிலோ 200 ரூபாய்ப்படி 100 கிலோ கத்தரிக்காய் எடுக்கிறது என்று வையுங்கள். 25 கிலோ கழிந்துபோனால், போட்ட 20,000 ரூபாயை மிச்சம் 75 கிலோவில் எடுக்க வேண்டும். ஏற்றுகூலி சேர்க்க முன்னரே கிலோ 267 ரூபாய். கழிவு 5 கிலோவானால் 211 ரூபாய் போதும். இடையிலுள்ள 56 ரூபாய் தோட்டக்காரருக்கும் இல்லை, சங்கத்துக்கும் இல்லை, குப்பைக்குப் போகிறது.

இதை நிறுத்த முன்பதிவு வேண்டும். சைவ வீடுகளில் வெள்ளிக்கிழமை மரக்கறிச் சமையல் என்பதால் விநியோகத்தை வெள்ளி காலையில் வைப்பது நல்லது. புதன் மாலை பதிவை மூடி, வியாழன் காலை தோட்டக்காரருக்கு அளவைச் சொல்லிவிட வேண்டும். பூசணியும் கத்தரியும் வியாழன் பின்னேரம் பறிக்கலாம். வெண்டியும் கீரையும் வெள்ளி விடியப்புறம்தான். பதியும்போதே பாதிப் பணம் வாங்காவிட்டால், மழை பெய்யும் நாளில் பதிந்தவர்கள் வரமாட்டார்கள், கழிவு திரும்பவும் பழைய அளவுக்கு வந்துவிடும்.

கீரையைக் கழுவிக் கட்டக்கூடாது. ஈரத்தோடு இறுக்கிக் கட்டினால் எங்கள் வெயிலுக்கு மதியத்துக்குள் நடுக்கட்டு அழுகும். வேர்மண்ணை உதறி, தளர்வாகக் கட்டி, நனைத்த சாக்கால் மூடினால் போதும். பழுத்த வாழைக்குலையும் பப்பாசியும் பக்கத்தில் இருக்கக்கூடாது. அவை விடும் எத்திலீன் வாயு இலையை மஞ்சளாக்கும். கத்தரியை உரப்பையில் அடைத்து ஏற்றினால் நசுங்கிய இடம் மறுநாள் கறுக்கும். துளையுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளை ஒருமுறை வாங்கினால் பல போகத்துக்கு உழைக்கும்.

வாங்குபவர்களும் கொஞ்சம் மாற வேண்டும். கரட், லீக்ஸ், போஞ்சி மலைநாட்டுப் பயிர். அவற்றைச் சேதனமாக இங்கே கேட்டால், தூரத்துக்கும் சேர்த்துத்தான் விலை கொடுக்க வேண்டிவரும். போஞ்சிக்குப் பயிற்றங்காய், லீக்ஸுக்கு வெங்காயத்தாள், கரட்டுக்குப் பூசணி என்று மாற்றிச் சமைத்தால் கூடையின் விலை தானாக இறங்கும். தவிட்டோடு கூடிய சிவப்பரிசியை மலிவு என்று மூட்டையாக வாங்க வேண்டாம். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் தீட்டிய அரிசியைவிட விரைவில் சிக்கு மணக்கும். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள்.

பூச்சி கடித்த காய் சேதனக் காய் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். மருந்து அடித்த தோட்டத்திலும் பூச்சி கடிக்கும். விவசாயத் திணைக்களத்தின் நல்ல விவசாய நடைமுறைச் சான்றும் சேதனச் சான்றும் ஒன்றல்ல. முன்னையதில் மருந்தைக் கட்டுப்பாட்டோடு அடிக்கலாம், அடித்துக் குறித்த நாட்கள் கழியாமல் பறிக்கக்கூடாது, அவ்வளவுதான். சேதனத்துக்கான இலங்கைத் தரம் எஸ்.எல்.எஸ். 1324. கால் ஏக்கர்க்காரருக்கு அந்தச் சான்றுச் செலவு தாங்காது. ஆகவே அங்கத்தவர்கள் போகத்துக்கு இரண்டு தடவையாவது தோட்டத்துக்கு நேரில் போய், எரு எங்கிருந்து வந்தது, பக்கத்து வயலில் அடிக்கும் மருந்து காற்றில் வருகிறதா, வேலியோரம் என்ன இடைவெளி என்று பார்த்து, எழுதிக் கடையில் ஒட்ட வேண்டும்.

2021இல் அரசாங்கம் சேதன விவசாயத்துக்கு மாறுவதாகச் சொல்லி இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தி, அதே ஆண்டு நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டதில் விளைச்சல் விழுந்து நொந்தவர்கள் விவசாயிகள். சேதனம் என்ற சொல்லையே அவர்கள் சந்தேகிப்பதில் நியாயம் இருக்கிறது. மண் தேறும்வரை விளைச்சல் குறையும். அந்த இடைக்காலத்தில் விளைவதை, இன்னும் சேதனம் ஆகவில்லை என்று வெளிப்படையாக எழுதிவைத்து, சங்கம் தனியாக வாங்கி விற்க வேண்டும்.

அதைவிட முக்கியம், காசை உடனே கொடுப்பது. வியாபாரி தோட்டத்திலேயே எண்ணிக் கொடுக்கிறார்; சங்கம் இரண்டு கிழமை இழுத்தால் நல்ல காய் அவரிடமும் மிஞ்சியது சங்கத்திடமும் வரும். 40 அங்கத்தவர்கள் ஆளுக்கு 2,500 ரூபாய் பங்குப்பணம் போட்டால் ஒரு இலட்சம். கிழமைக்கு 50,000 ரூபாய்க்கு வாங்கும் கடைக்கு அது இரண்டு கிழமைச் சுழல்பணம்.

ஐப்பசியில் கந்தசஷ்டி வரும்போது மரக்கறித் தேவை ஏறும். வாடை மழையும் அப்போதுதான் தொடங்கும். அந்த விரதத்துக்குக் கத்தரி வேண்டுமானால் ஆடியில் நாற்று மேடை போட்டு, ஆவணி பிறந்ததும் கன்று நடவேண்டும். வெண்டி விதையைப் புரட்டாசி முதல் கிழமையில், நீர் வடியும் உயர்ந்த பாத்தியில் போட வேண்டும். ஆகவே சங்கம் தேவைக் கணக்கை அங்கத்தவரிடம் எடுக்க வேண்டியது ஆனியில்.

இப்படிக்கு,
கூட்டுறவுச் சங்க அங்கத்தவர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை