மாமிக்கு நீ சொன்ன பதில்

இணுவில்

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை. வெயில் கொளுத்துகிறது, கிணற்றில் தண்ணீர் நல்லாய் இறங்கிவிட்டது. அதை விடு.

சின்ன மாமி கனடா ஸ்காபரோவிலிருந்து போன் எடுத்தவ. நீ பின்னேரங்களில் உடற்பயிற்சி வகுப்பு நடத்துவதாக அவவிடம் சொன்னாயாம். அவவும் அதை நம்பி, தனக்குச் சீனி வருத்தம், தானும் சேரலாமோ என்று என்னிடம் கேட்கிறா. எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. பிள்ளை, நீ படிப்பிப்பது நடனம். பெலி டான்ஸ், எகிப்துப் பக்கத்து இடுப்பாட்டம். அதை ஏன் ஒளிக்கிறாய்?

"அப்பா, எங்கட சனத்துக்கு விளங்காது" என்பாய். விளங்காதுதான். ஆனால் எங்கட வீட்டுக்கு இது புதுக்கதை இல்லை. நாங்கள் மேளகாரர். உன் அப்பப்பா தவிலைத் தூக்கிக்கொண்டு கோயில் கோயிலாகப் போன காலத்தில், திருவிழா என்றால் பெரிய மேளமும் இருக்கும், சின்ன மேளமும் இருக்கும். நாதஸ்வரமும் தவிலும் பெரிய மேளம். இந்தியாவிலிருந்து வந்த பெண்கள் ஆடும் சதிர் சின்ன மேளம். சனம் விடிய விடியக் குந்தியிருந்து பார்க்கும். விடிந்தபிறகு அதே சனம் அந்தப் பெண்களைப் பற்றி என்ன கதைத்தது என்று அப்பப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன், அதை உனக்கு எழுத மாட்டேன். நாவலர் காலத்திலேயே அந்த ஆட்டம் கோயிலில் கூடாது என்று எதிர்ப்பு எழும்பிவிட்டது. 1947இல் சென்னையில், பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுகிற பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். அதற்கு முன்னமே, 1935இல், ருக்மிணி தேவி அடையாறில் மேடையேறியாயிற்று. பிறகென்ன, அந்த ஆட்டமே பரதநாட்டியம் என்ற பெயரில் பெரிய வீட்டுப் பிள்ளைகளின் அரங்கேற்றமாக யாழ்ப்பாணம் வீரசிங்கம் மண்டபம் வரைக்கும் வந்தது. நீயும் வட இலங்கை சங்கீத சபைச் சோதனைகளைப் பாஸ் பண்ணி அங்கே ஆடினாய். அன்றைக்கு மாமி முன்வரிசையில் பட்டுச்சேலையோடு இருந்தவ.

எகிப்திலும் கிட்டத்தட்ட இதுதானே நடந்தது? 1834இல் எகிப்தை ஆண்ட முகமது அலி பாஷா, கவாசி என்ற தெருவாட்டக்காரிகளைக் கெய்ரோவை விட்டுத் துரத்த, அவர்கள் தெற்கே எஸ்னா பக்கம் போய்ப் பிழைத்தார்கள். 1926இல் ஆட்டக்காரி பதியா மசாப்னி அதே கெய்ரோவில் சொந்தமாக அரங்கு திறந்தா. தஹியா கரியோக்கா, சாமியா கமால் எல்லாம் அங்கே ஆடி எழும்பினவர்கள். 1959இல் மஹ்மூத் ரெடா நடனக் குழு அமைத்து, ஊர் ஆட்டங்களைக் குடும்பத்தோடு வந்து பார்க்கிற மேடைக்குக் கொண்டுபோனார். இதெல்லாம் நீ எனக்குச் சொன்னது. எனக்குச் சொல்ல இருந்த வாய் மாமிக்குச் சொல்ல இல்லையோ?

சரி, நீ அனுப்பின வீடியோவுக்கு வருகிறேன். அம்மா முதலில் பார்த்தது உடுப்பை. "அந்தக் குளிருக்குள்ள வயிறு தெரியவோ" என்றா. அவவின் கவலை அவ்வளவுதான், நீ பயந்த மாதிரி ஒன்றும் இல்லை. நான் பார்த்தது தர்புக்கா என்ற அந்த அரபு மேளத்தை வாசித்தவனின் கையை. ஒரே முகம், நடுவில் விழுந்தால் தும், விளிம்பில் விழுந்தால் தக். தவிலுக்கு வலந்தலையில் கூடு போட்ட விரல், தொப்பியில் கழி என்று இரண்டு பக்கம் வேலை இருக்கிறது. அவன் எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் வெறும் விரலாலேயே முடிக்கிறான், கெட்டிக்காரன். தும் தக், தக் தும், தக் என்று மக்சூம் தாளம் போகையில் உன் இடுப்பு ஒவ்வொரு தும்முக்கும் இறங்குகிறது. அவன் உருட்டத் தொடங்க, முழங்கால்கள் மாறி மாறி நிமிர்ந்து சிம்மி என்ற இடுப்பு நடுக்கம் வருகிறது, தோள் அசையவே இல்லை. பரதத்தின் அரைமண்டியில் இடுப்பைப் பூட்டி வைத்துப் பழகின உடம்பு இது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஒரு இடம் மட்டும். முடிவுக்கு முன்னால் அவன் வேண்டுமென்றே ஒரு தட்டைப் பிந்திப் போட்டான், நீ முந்திவிட்டாய். பார்க்கிற சனத்துக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும். தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் பழைய ஒலிப்பதிவுகளை ஒருக்கால் இருந்து கேள். வேகத்தை விடு, அவர் எங்கே அடிக்காமல் விடுகிறார் என்று பார். அந்த வெற்றிடத்தில் நீ என்ன செய்திருப்பாய் என்று யோசி.

படிப்பிக்கிற விஷயம். தை மாதம் புது வருஷத் தீர்மானத்தோடு வருகிறவர்கள் பங்குனியோடு காணாமல் போகிறார்கள் என்றும், பெருவிரலிலும் நடுவிரலிலும் சாகாத் என்ற சின்னத் தாளங்களை மாட்டச் சொன்னவுடன் மிச்சப்பேரும் கழன்றுவிடுகிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். மாட்டுகிறதுக்கு முதல் வாயால் சொல்ல வை. நடந்துகொண்டே தும் தக் சொல்லட்டும், பிறகு கைதட்டட்டும், தாளம் விரலுக்கு வருவது அதற்குப் பிறகு. நீ ஐந்து வயதில் தட்டிமெட்டு அடவுக்கு முன் ஜதி சொல்லித்தானே பழகினாய்? ஆறு கிழமைக்குள் ஒரு முழு நடனம் வேண்டும் என்று கேட்ட பெண்ணிடம் நீ மாட்டேன் என்றது சரி. ஆசிரியை ஆனபிறகும் ஞாயிற்றுக்கிழமை உன் டீச்சரிடம் போய்ப் பின்வரிசையில் நிற்கிறாயே, அதை விட்டுவிடாதே. வாடகை மண்டபத்துக் காசு கையைக் கடித்தால் எங்களிடம் கேள், அந்த வகுப்பை நிறுத்தாதே.

அந்த உணவகக்காரர் "சாப்பாடும் தருகிறோம்" என்று சம்பளத்தைக் குறைத்த கதைதான் எனக்குப் பொறுக்கவில்லை. அச்சாரம் கைக்கு வராமல் அப்பப்பா தவிலுக்கு வார் இழுத்ததில்லை. சாப்பாடு போட்டால் சந்தோஷமாகச் சாப்பிடுவார், அதைக் கூலியில் கழிக்க விடமாட்டார். நீயும் பாதிக் காசை முன்னுக்கு வாங்கு, எத்தனை நிமிஷம் ஆட்டம், உடுப்பு மாற்ற எந்த அறை என்று எழுத்தில் வாங்கு. இடுப்புப்பட்டியில் காசு செருக வருகிறவர்களைத் தள்ளி நிற்கச் சொல்வது கடைக்காரரின் வேலை, அதையும் எழுது. குறைந்த காசுக்கு வேறு பிள்ளைகள் ஆடுகிறார்கள் என்றால் ஆடட்டும். அவர்களையும் ஒருநாள் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டு இதைக் கதை, எல்லோரும் ஒரே விலை சொன்னால் அவர் என்ன செய்வார்?

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வருவாய்தானே? மாமியும் அந்த நேரம் வருகிறாவாம். அவ கேட்டால் நான் ஒளிக்க மாட்டேன், ஆனபடியால் அதற்கு முதல் நீயே சொல்லிவிடு. சீனி வருத்தத்துக்கும் நல்லதுதான், வந்து ஆடலாம் என்றும் சொல்லு.

இன்னொன்று. நீ சமாய் என்று சொன்ன அந்தப் பத்து எண்ணிக்கைத் தாளம் 3, 2, 2, 3 என்று போகிறது. எங்கட ஐந்து எண்ணிக்கைக் கண்டசாபுவை இரண்டு தரம் போட்டால் அதோடு ஒட்டாது, முதல் பாதியில் இடிக்கிறது. பாட்டில்லாமல், தர்புக்காவை மட்டும், மெதுவாக வாசித்து அனுப்ப அந்த வாசிக்கிறவனிடம் சொல்லு. அவனுடைய இடக்கை தெரிகிற மாதிரி எடுக்கச் சொல்லு.

இப்படிக்கு
அப்பா