நிலநடுக்கக் கணிப்பைச் சோதிக்கிறவங்களுக்கு சேலத்துல இருந்து நன்றி

எல்லாருக்கும் வணக்கம்ங்க. கோடை லீவுல ஏற்காட்டுல பள்ளிக்கூடப் பசங்களுக்கு நாங்க நடத்துன நிலநடுக்க வகுப்பு நல்லபடியா முடிஞ்சுது, கைகொடுத்தவங்கள்ல பாதிப் பேருக்கு நாங்க யாருன்னே தெரியாது, அதனாலதான் பொதுவுல எழுதுறேன்.

முதல் நன்றி, நிலநடுக்கக் கணிப்பு எவ்வளவு சரின்னு சோதிக்கிற சிஎஸ்இபி (CSEP) குழுவுக்கு. 2007ல ஆரம்பிச்ச கூட்டு முயற்சி இது, லாஸ் ஏஞ்சலீஸ், ஜூரிச், வெலிங்டன், டோக்கியோன்னு சோதனை மையம் வச்சு, விஞ்ஞானிங்க கொடுக்கிற கணிப்ப முன்கூட்டியே வாங்கி வச்சுக்குவாங்க, அப்புறம் கொடுத்தவரே கேட்டாலும் ஒரு எண்ணைக்கூட மாத்த விடமாட்டாங்க, காலக்கெடு முடிஞ்சதும் நிஜமா நடந்ததோட வச்சுப் பாப்பாங்க. நடந்து முடிஞ்சப்புறம் நான் அப்பவே சொன்னேன்னு வாட்ஸப்ல சுத்துற மெசேஜயெல்லாம் பாத்து வளர்ற பசங்களுக்கு இது ரொம்ப அவசியமான பாடம்ங்க.

இதுக்கு முன்னாடி கலிபோர்னியாவுல இதே மாதிரி நடந்த ரெல்ம் (RELM) கணிப்புச் சோதனையத்தான் வகுப்புல எடுத்துக்கிட்டோம். 2006 ஜனவரியில இருந்து 5 வருஷம், மேப்பைக் கட்டம் கட்டமாப் பிரிச்சு, 4.95 அளவும் அதுக்கு மேலயும் உள்ள நடுக்கம் எந்தக் கட்டத்துல எத்தனை வரும்னு ஒவ்வொரு குழுவும் முன்னாடியே எழுதிக் கொடுத்துச்சு. ஒரு கட்டம் 0.1 டிகிரி, அதாவது வடக்கு தெற்கா சுமார் 11 கிலோமீட்டர். ஒரு பொண்ணு மேப்ல அளந்துட்டு, அப்போ நம்ம சேலம் டவுனும் ஏற்காடு ஏரியும் ஒரே கட்டத்துல வராது சார்னு சொல்லுச்சு, அப்பவே மத்த பசங்களுக்கும் புடிபட்டுடுச்சு. அந்த 5 வருஷத்துல அந்த அளவுக்கு வந்தது 31 நடுக்கம். ஹெல்ம்ஸ்டெட்டர், காகன், ஜாக்சன்னு மூணு விஞ்ஞானிங்க சின்னச் சின்ன நடுக்கம் வந்த இடங்கள வச்சுப் போட்ட மாடல்தான், அதாவது கணிப்புக் கணக்குதான், நல்லா நின்னுச்சு.

ஆனா எனக்கு அதிகமா நன்றி சொல்லத் தோணுறது சரியா வராத மாடல்காரங்களுக்குத்தான். தோத்தா உலகத்துக்கே தெரியும்னு தெரிஞ்சும் கொடுத்தாங்களே, அவங்க வரலைன்னா யாரை எதோட ஒப்பிடுறது?

இந்த மாதிரி கணிப்பச் சோதிக்கிற பைசிஎஸ்இபி (pyCSEP) மென்பொருள எழுதி இலவசமா விட்டவங்களுக்கும், நிலநடுக்கப் பட்டியல யார் வேணா எடுத்துக்கலாம்னு திறந்து வச்சிருக்கிற அமெரிக்க புவியியல் ஆய்வு நிறுவனத்துக்கும் பெரிய நன்றி.

இனி நம்ம ஊர்க்காரங்க. பழைய லேப்டாப்பெல்லாம் தட்டிக்கொட்டி ஓட வச்ச அஞ்சு ரோடு கடை அண்ணன், காபி எஸ்டேட்ல ஹாலயும் குடுத்து மத்தியான சோறும் போட்ட அக்கா, கொண்டை ஊசி வளைவுல வாந்தி எடுத்த பசங்கள முகம் சுளிக்காம கூட்டிட்டுப் போன வேன் டிரைவர் அண்ணன், மூணு பேருக்கும் ரொம்ப ரொம்ப நன்றிங்க. சேலத்துக்கு எதுக்கு இதெல்லாம்னு கேட்ட பெற்றோர்கிட்ட, 1900 பிப்ரவரியில கோயம்புத்தூர் பக்கம் சுமார் 6 அளவுல வந்ததையும், இந்தியாவோட 2002 நிலநடுக்க ஆபத்து வரைபடத்துல சேலம் மிதமான ஆபத்துள்ள மண்டலம் 3ல இருக்கிறதையும் பொறுமையா விளக்குன காலேஜ் சாருக்கு தனி நன்றி, அவரு பேசினப்புறம்தான் நாலஞ்சு பேரு பொம்பளப் புள்ளைங்களையும் அனுப்பி வச்சாங்க.